மதிப்பெண்ணுக்குள் இருக்கும் ஊர்

கல்லூரிச் சேர்க்கைப் பேச்சு எழும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு வாதம் தவறாமல் வந்துவிடுகிறது. தரவரிசைப் பட்டியலில் ஊர்ப் பெயருக்கு வேலை இல்லை. கம்மாபுரத்துப் பெண்ணும் சென்னை அண்ணா நகர்ப் பெண்ணும் கணினிக்கு ஒன்றுதான். பொறியியல் கலந்தாய்வு 2018இலிருந்து இணையத்தில் நடக்கிறது, யாரும் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்கு ரயிலேற வேண்டியதில்லை. ஆகவே இனியும் ஊரைக் காரணம் காட்டித் தனி இடம் கேட்பது தகுதியைக் கீழே இறக்கும் வேலை. அரசியல் மேடையில் மட்டும் கேட்கிற பேச்சல்ல இது. நல்ல மனிதர்கள், ஆசிரியர்கள், கிராமத்தில் பிறந்து படித்து மேலே வந்தவர்கள்கூட இதை மனதார நம்பிச் சொல்கிறார்கள். அதனால்தான் இதற்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கல்லூரிச் சேர்க்கை ஊரைக் கேட்பதில்லை என்பதே முதலில் உண்மையல்ல. அது எப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளின் எம்.பி.பி.எஸ். இடங்களில் 15 விழுக்காடு அகில இந்தியத் தொகுப்புக்குப் போகிறது. மீதி 85 அந்தந்த மாநிலத்தாருக்கு. திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடங்கள் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு. புதுச்சேரி ஜிப்மரில் புதுச்சேரிவாசிகளுக்கென்று தனியாக இடங்கள் உண்டு. கடலூரைத் தாண்டி வடக்கே சற்றுத் தூரம் போனால் பாகூர் வட்டாரம் வந்துவிடும். எல்லைக்கு அந்தப் பக்கத்துக் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த ஜிப்மர் இடங்களில் உரிமை; இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு இல்லை. இரண்டு வீடுகளுக்கும் பேச்சு ஒன்று, மழை ஒன்று, சந்தை ஒன்று. இதைத் தகுதிக்கு வந்த இழுக்கு என்று யாரும் சொல்வதில்லை, நானும் சொல்லவில்லை. தன் மக்களுக்காக ஓர் அரசு கல்லூரி நடத்தும்போது அந்த மக்கள் எங்கே வாழ்கிறார்கள் என்று பார்ப்பது இயல்பு. நான் கேட்பது ஒன்றுதான். மாநில எல்லையில் நின்று ஊரைக் கேட்பது நியாயமாக இருக்கிறது. எல்லைக்குள் வந்த பிறகு அதே கேள்வி எப்படி அநியாயமாகிவிடுகிறது?

மாநிலத்துக்குள் எல்லாருக்கும் ஒரே தேர்வு, ஒரே வினாத்தாள் என்பார்கள். அந்த வினாத்தாள் வரைக்கும் வந்த வழியைப் பார்ப்போம்.

விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் பரங்கிப்பேட்டைக்குப் போகும் சாலையில் இருக்கிறது கம்மாபுரம். ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம். சுற்றிலும் நெல், கரும்பு, மேட்டு நிலங்களில் முந்திரி. இப்படிப்பட்ட ஒன்றியத்தில் ஒரு பிள்ளை பத்தாவது முடித்ததும் அவள் எதிர்காலத்தின் முதல் பெரிய தீர்மானம் நடந்துவிடுகிறது. அதை எடுப்பது பெரும்பாலும் அவள் இல்லை. போய் வரக்கூடிய தூரத்தில் இருக்கிற பள்ளியில் எந்த குரூப் இருக்கிறதோ அதுதான் அவளுடைய குரூப். பொறியியல் கட்-ஆஃப் 200க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. பக்கத்துப் பள்ளியில் கணிதம் இருக்கிற குரூப் இல்லையென்றாலோ, பெயருக்கு இருந்து ஆசிரியர் இல்லையென்றாலோ, பதினைந்து வயதிலேயே அந்தப் பட்டியலிலிருந்து அவள் விலக்கப்பட்டுவிடுகிறாள். இரண்டு வருஷம் கழித்து வெளியாகும் ரேங்க் பட்டியலில் அவள் பெயர் கடைசியில்கூட இருக்காது. அப்படி இல்லாமலேயே போனவர்களைத் தகுதி பற்றிப் பேசுகிறவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. பட்டியலில் இருப்பவர்களை மட்டும் பார்த்துவிட்டு எல்லாரும் ஒரே கோட்டிலிருந்து ஓடினார்கள் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஆசிரியர் விஷயத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பணியிட மாறுதல் கலந்தாய்வு நடக்கிறது. ஒரே ஊரில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர் சொந்த மாவட்டத்துக்கோ பெரிய ஊருக்குப் பக்கத்திலோ மாற்றிக்கொண்டு போகிறார். அதில் தப்பில்லை, அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் அவர் விட்டுப் போகிற இடம் எங்கே நிரம்பாமல் நிற்கிறது என்பதை வட மாவட்டத்துப் பெற்றோர்கள் நன்றாக அறிவார்கள். வேதியியல் ஆசிரியர் ஆகஸ்டில் போய், தற்காலிக ஆசிரியர் நவம்பரில் வந்தால், நடுவில் போன மூன்று மாதத்தை எந்த மதிப்பெண் சான்றிதழும் சொல்லாது. மாறுதல் கேட்கிற ஆசிரியருக்கு ஊர் முக்கியம் என்று அரசு ஒப்புக்கொள்கிறது. அதே வகுப்பறையில் மாறுதல் கேட்க வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு மட்டும் ஊர் ஒரு பொருட்டே இல்லை என்கிறோம்.

கம்மாபுரத்துக்காரர்களுக்கு இந்த வேற்றுமையைப் பார்க்க அண்ணா நகர் வரை போக வேண்டாம், நெய்வேலி போதும். பழுப்பு நிலக்கரிக்காக 1956இல் தொடங்கப்பட்ட நிறுவனம், காட்டுக்கும் வயலுக்கும் நடுவே ஒரு நகரியத்தை எழுப்பியது. அகலமான சாலை, நூலகம், மருத்துவமனை, நடந்துபோகும் தூரத்தில் பள்ளிகள். நிறுவனப் பொறியாளர் வீட்டுப் பிள்ளைக்கு ஜே.இ.இ. என்றால் என்ன, எந்த வகுப்பில் அதற்குத் தயாராக ஆரம்பிக்க வேண்டும் என்பதெல்லாம் சாப்பாட்டு மேசைப் பேச்சிலேயே தெரிந்துவிடும். அந்த நகரியத்துக்கு ஆதாரமான சுரங்கங்கள் சுற்றியுள்ள ஊர்களின் நிலத்தில் விரிந்தவை. கம்மாபுரம் ஒன்றியத்து நிலமும் அதில் சேர்ந்தது. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்து வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் அந்த நிறுவனத்தின் இயந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. நிலத்தைக் கொடுத்த ஊரின் பிள்ளையும், அந்த நிலத்தின் வருமானத்தில் எழுந்த நகரியத்தின் பிள்ளையும் ஒரே மார்ச் மாதத்தில் பிளஸ் டூ எழுதுகிறார்கள். முடிவு வந்ததும் இருவருக்கும் நடுவில் இருக்கிற பத்து மதிப்பெண் வித்தியாசத்தைக் காட்டி, இது முழுக்க உழைப்பின் வித்தியாசம் என்கிறார்கள். நகரியத்துப் பிள்ளையின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தப் பத்து மதிப்பெண்ணுக்குள் எழுபது ஆண்டு வரலாறு உட்கார்ந்திருக்கிறது என்கிறேன்.

சரி, தேர்வு முடிந்தது. இணையக் கலந்தாய்வு தூரத்தைப் போக்கிவிட்டதா? 2017 வரை அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போக வேண்டியிருந்தது. அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் அரசுப் பேருந்தில் மாணவருக்கும் உடன் வருபவருக்கும் பாதிக் கட்டணம். அந்தச் சலுகையே, தூரத்துக்கு ஒரு விலை உண்டு என்று அரசு ஒப்புக்கொண்டதற்குச் சாட்சி. இன்று பஸ் செலவு மிச்சம் என்பது உண்மை. ஆனால் முடிவெடுக்கும் பாரம் முழுவதும் வீட்டுக்கு வந்துவிட்டது. நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒவ்வொன்றிலும் பல பாடப்பிரிவுகள். எதை முதலில் போடுவது, எதைப் பத்தாவதாகப் போடுவது, கிடைத்ததை ஏற்பதா, மேலே உள்ளதற்குக் காத்திருப்பதா என்பதையெல்லாம் குறிப்பிட்ட நாள்களுக்குள் முடிக்க வேண்டும். நகரத்தில் இதைச் சொல்லித்தர அண்ணன் இருப்பான், அத்தை இருப்பாள், பழைய ரேங்க்கையும் கட்-ஆஃபையும் அலசிச் சொல்ல ஆலோசகர் இருப்பார். வீட்டிலேயே முதல் பட்டதாரியாகப் போகிறவளுக்குப் பிரவுசிங் சென்டர்க்காரர்தான் ஆலோசகர். அவர் மனமுள்ளவர்தான், ஆனால் வாசலில் இன்னும் இருபது பேர் நிற்கிறார்கள். ‘பக்கத்துல இருக்கறத முதல்ல போடும்மா’ என்பார். அவளும் போடுவாள். அரசு உதவி மையங்கள் இருக்கின்றன, அவை நன்றாகவும் செயல்படுகின்றன. அவை சான்றிதழைச் சரிபார்க்கும். பதினேழு வயதுப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் வாழ்க்கையை வரிசைப்படுத்தித் தர அவற்றுக்கு நேரம் கிடையாது. இதனால் அவளுடைய ரேங்க்குக்குக் கிடைத்திருக்கக்கூடிய கல்லூரி அவளைவிடப் பின்னால் இருந்தவருக்குப் போகிறது. அதே மதிப்பெண் கையில் இருந்தும் ஊர் அவளைத் தோற்கடிக்கிற இடம் இது. தகுதி வாதத்துக்கு இங்கே பதிலே கிடையாது.

பெண் பிள்ளை என்றால் இன்னொரு கணக்கும் சேருகிறது. மாலை கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்பதைக் கேட்டுத்தான் எத்தனையோ வீடுகளில் கல்லூரி முடிவாகிறது. விருத்தாசலம் கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை என்றால் அடுத்தது சிதம்பரமா, கடலூரா, இல்லை கல்யாணமா என்கிற பேச்சு இந்த வட்டாரத்தில் யாருக்கும் புதிதல்ல.

மருத்துவத்தில் நடந்ததற்குக் கணக்கே இருக்கிறது. நீட் தேர்வின் விளைவுகளை ஆராய 2021இல் தமிழ்நாடு அரசு அமைத்த ஏ.கே. ராஜன் குழு எண்களை வரிசைப்படுத்தி வைத்தது. நீட்டுக்கு முன் மருத்துவ இடங்களில் ஊரகப் பின்னணி மாணவர்களின் சராசரிப் பங்கு 61 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. 2020–21இல் அது ஏறக்குறைய 50க்கு இறங்கியது. ஏற்கெனவே ஒருமுறை முயன்று, மறுபடி எழுதி வந்தவர்களின் பங்கு 2016–17இல் 12 விழுக்காடு, 2020–21இல் 71. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு வருஷம், இரண்டு வருஷம் வேலைக்கும் போகாமல், கல்லூரிக்கும் போகாமல், கோச்சிங் நடக்கிற ஊரில் விடுதி எடுத்துத் தங்க முடிந்தவர்களின் கதவாக அது மாறியிருக்கிறது. கோச்சிங் மையம் எங்கே இருக்கிறது என்பதும் ஊர்க் கேள்விதான். 2018இல் தமிழ்நாட்டு மாணவர்கள் பலருக்குக் கேரளத்திலும் ராஜஸ்தானிலும் தேர்வு மையம் ஒதுக்கினார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தெரியாத ஊரில் இரவைக் கழித்துவிட்டுக் காலையில் தேர்வு எழுதினார்கள். அந்த விடைத்தாளையும் வீட்டில் தூங்கி எழுந்து வந்தவரின் விடைத்தாளையும் பக்கத்தில் வைத்துத் தகுதியை அளந்தோம்.

‘நீதிமன்றமே சொல்லிவிட்டதே’ என்பார்கள். சொல்லியிருக்கிறது, அதையும் முழுதாகப் படிக்க வேண்டும். ஊரை வைத்து இடம் ஒதுக்கும் வழக்குகளின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்குத்தான் முதல் வரிசை. அப்போதைய சென்னை அரசு மருத்துவ இடங்களை மாவட்டவாரியாகப் பிரித்தது. அப்படிச் செய்யாவிட்டால் மக்கள்தொகைக்கு மிஞ்சிய இடங்கள் சென்னை நகரத்துக்கே போய்விடும் என்பது அரசின் வாதம். 1968இல் ராஜேந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது: சிறந்தவர்களைத் தேர்ந்தெடுப்பதே நோக்கம் என்றால், மாவட்டவாரிப் பிரிவு அந்த நோக்கத்தையே கெடுக்கும் என்றது. 1971இல் பெரியகருப்பன் வழக்கில், கல்லூரிகளைக் குழுக்களாகப் பிரித்து நடத்திய தேர்வும் செல்லாமல் போனது. 1975இல் உத்தரப் பிரதேசத்துக் கிராமப்புற ஒதுக்கீட்டை ரத்து செய்தது பிரதீப் டண்டன் தீர்ப்பு. ஆனால் அதே தீர்ப்பு மலைப் பகுதிகளுக்கும் உத்தராகண்டப் பகுதிக்கும் தந்த ஒதுக்கீட்டை ஏற்றுக்கொண்டது. அங்கே போக்குவரத்தும் கல்வி வசதியும் குறைவு என்பது காரணம். அதாவது, ஓர் இடத்தில் வாழ்வதே ஒரு பிள்ளையைப் பின்னுக்குத் தள்ளக்கூடும் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒப்புக்கொண்டிருக்கிறது. எந்த இடம் என்பதில்தான் விவாதம். ‘கிராமம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பண்ணையாரும் கூலிக்காரரும் ஒன்றாக அடங்கிவிடுவார்கள் என்ற நீதிமன்றத்தின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஊரக மாணவர்களுக்கென்று கொண்டுவந்த ஒதுக்கீடும் பிற்பாடு உயர் நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. அந்தத் தயக்கத்துக்கு விடை தேடித்தான் 2020இல் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மருத்துவத்தில் தனி இடம். 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது.

சட்டத்தையும் தகுதியையும் ஒன்றாகப் பேசுகிறவர்கள் பார்க்க மறுக்கிற இன்னொரு விதி இருக்கிறது. என் வாதத்துக்கு இதைவிட வலுவான சாட்சி வேண்டியதில்லை. மருத்துவ மேற்படிப்புச் சேர்க்கைக்கான மத்திய விதிகளில், தொலைதூரப் பகுதியிலோ கடினமான பகுதியிலோ பணியாற்றிய அரசு மருத்துவருக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம், அதிகபட்சம் 30 விழுக்காடு வரை ஊக்க மதிப்பெண் தரலாம் என்று இருந்தது. உச்ச நீதிமன்றமும் 2016இல் அந்த விதியை உறுதிசெய்தது. பட்டம் வாங்கிய ஒரு மருத்துவர், சம்பளத்தோடு, மூன்று ஆண்டு அத்தகைய ஊரில் இருந்தால் அவருடைய நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோடு முப்பது விழுக்காட்டைச் சேர்க்கலாம். அது தகுதிக்குக் குறைவில்லை. அவர் பணியாற்றிய ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்து, அதே ஊர்ப் பள்ளியில் பன்னிரண்டு ஆண்டு படித்த பிள்ளைக்கு அந்த ஊரில் வாழ்ந்ததற்காக ஒரு மதிப்பெண்கூடச் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் தகுதி செத்துப்போகும். ஊரின் கஷ்டம் மூன்று வருஷம் வந்துபோகிற பெரியவருக்கு மதிப்பெண்ணாகிறது என்றால், அங்கேயே வளரும் குழந்தைக்கு ஏன் ஆகக் கூடாது? இந்தக் கேள்விக்கு நேரான பதில் சொன்னவர் ஒருவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.

தரம் குறையும் என்ற பயத்துக்கு வருவோம். 7.5க்கு முந்தைய ஆண்டு அரசுப் பள்ளியில் படித்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள் ஆறு பேர். அடுத்த ஆண்டே எண்ணிக்கை முந்நூறைத் தாண்டியது. அவர்கள் எல்லாரும் நீட்டில் தேர்ச்சி பெற்றவர்கள். உள்ளே போனபின் எழுதும் பல்கலைக்கழகத் தேர்வுகளும் எல்லாருக்கும் ஒன்றே, அங்கே யாருக்கும் தள்ளுபடி இல்லை. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் 1997இல் ஒரு சட்டம் போட்டது: மாநிலத்தின் ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் முதல் பத்து விழுக்காட்டுக்குள் வருகிறவருக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. பணக்காரப் புறநகரின் பள்ளியும் எல்லையோரத்து ஏழை ஊரின் பள்ளியும் அங்கே ஒரே வரிசை. தரம் போய்விடும் என்று அங்கும் கூச்சல் எழுந்தது. அப்படி வந்தவர்கள், நுழைவுத் தேர்வில் தங்களைவிட அதிகம் வாங்கி வேறு வழியில் வந்தவர்களுக்கு இணையாகவும் மேலாகவும் படிக்கிறார்கள் என்று ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகமே பிறகு சொன்னது. இருக்கிற வசதிக்குள் முதலாவதாக வருகிற பிள்ளையிடம் இருப்பது என்ன என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

இலங்கையைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்களும் உண்டு. அந்தக் காயத்தை நான் எளிதாகத் தாண்டிப் போக மாட்டேன். 1970களின் தொடக்கத்தில் அங்கே முதலில் வந்தது மொழிவாரித் தரப்படுத்தல். தமிழில் எழுதிய மாணவர் பல்கலைக்கழகத்தில் நுழையச் சிங்களத்தில் எழுதியவரைவிட அதிகப் புள்ளிகள் எடுக்க வேண்டியிருந்தது. மாவட்ட ஒதுக்கீடு அதன் பின்னால் வந்தது; யாழ்ப்பாணத்து இளைஞர்களின் நெஞ்சில் அது மூட்டிய தீ என்ன செய்தது என்பதைத் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் மன்னார், வவுனியா, மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கு மாவட்ட ஒதுக்கீடு வழி திறந்ததும் உண்மை. இன்றும் அங்கே 40 விழுக்காடு நாடளாவிய தகுதி, 55 மாவட்ட அடிப்படை, 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்ற முறை இருக்கிறது. ஓர் இனத்தை ஒடுக்க ஊரைக் கருவியாக்கியது அந்த அரசின் குற்றம். வசதியில்லாத ஊரின் பிள்ளையைத் தேடிப்போய் எடுப்பது அதனோடு சேராது.

பொய்ச் சான்றிதழ் பெருகும் என்ற பயத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. இருப்பிடச் சான்றிதழில் தில்லுமுல்லு செய்யலாம். ஆறாம் வகுப்பிலிருந்து பதிவேறிய பள்ளி வருகையில் அது எளிதல்ல.

‘நானே கிராமத்திலிருந்து வந்தவன்தான், எந்தச் சலுகையும் இல்லாமல் வந்தேன்’ என்கிறவரிடம் மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். உங்கள் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எங்கே? உங்களுக்குக் கணக்குப் பாடத்தில் சந்தேகம் தீர்த்துவைத்தாரே, அவர் என்ன படித்தார்? நீங்கள் வந்துசேர்ந்தது உங்கள் பெருமை. அதையே சான்றாக வைத்து, வராமல் போனவர்களையெல்லாம் உழைக்காதவர்கள் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை.

நான் கேட்பது கருணை இல்லை. அரசுப் பணத்தில் நடக்கும் கல்லூரிகளில், ஒவ்வோர் அரசு மேல்நிலைப் பள்ளியின் முதல் சில மாணவர்களுக்கும் அவர்கள் குரூப்புக்கு ஏற்ற இடம் உறுதியாக வேண்டும். 7.5 நல்ல தொடக்கம். அதற்குள்ளும் மாவட்டத் தலைநகரப் பள்ளியும் ஒன்றியத்துக் கடைக்கோடிப் பள்ளியும் ஒரே பட்டியலில் மோதுகின்றன. பயிற்சி கிடைக்கிற பள்ளிகள் முன்னே போய்விடும். பள்ளிவாரியாகப் பார்த்தால் கம்மாபுரத்து முதல் மாணவி கம்மாபுரத்தில் கிடைத்ததை வைத்து அளக்கப்படுவாள்.

பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் வழியைப் பேசுகிற அரசு, கல்லூரியை எங்கே வைக்கிறது என்பதையும் பேச வேண்டும். விருத்தாசலத்துக் களிமண்ணை நம்பி இங்கே பீங்கான் தொழிற்பேட்டை வந்தது. பொம்மையும் மின்சாதனப் பீங்கானும் இங்கிருந்து போகின்றன. பீங்கான் தொழில்நுட்ப டிப்ளமோ படிக்க விருத்தாசலத்திலேயே அரசு நிறுவனம் இருக்கிறது. அதற்கு மேல் பி.டெக். படிக்க வேண்டுமென்றால் அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, கிண்டி. சூளைக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளை சூளையின் அறிவியலைப் பட்டமாகப் படிக்க இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போய், நகர விடுதிக்குப் பணம் கட்டி, மாநிலம் முழுவதோடும் கட்-ஆஃபில் மோத வேண்டும். அந்தப் பட்டப் படிப்பின் ஒரு பிரிவை விருத்தாசலத்தில் தொடங்கி, டிப்ளமோ முடித்தவர்களுக்கு நேரடி இரண்டாம் ஆண்டில் கணிசமான இடங்களையும், இந்த வட்டாரத்து அரசுப் பள்ளிகளின் முதல் மாணவர்களுக்கு முதலாண்டில் சில இடங்களையும் ஒதுக்குவதற்குத் தடையாக நிற்பது என்ன என்று உயர்கல்வித் துறை சொல்லட்டும்.